பைப் எர்த்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்பேன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைக்குக் கொடுக்கும் சாமான் சீட்டும், ஸ்விட்ச் போர்டு மூடியின் உட்பக்கம் பென்சிலால் எழுதிவைக்கும் 'ஹால் ஃபேன்', 'சமையல் லைட்' போன்ற குறிப்புகளும்தான். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் புத்தகத்துக்கு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதப்போவது, நான் வாய் திறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. அன்று பேசியது பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். மிச்சம் இத்தனை வருடமாக உள்ளேயே இருக்கிறது.

எண்பதுகளில் தாம்பரத்தைச் சுற்றி வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்தன. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை வரை எங்கே பார்த்தாலும் எல்லைக் கற்கள். ஒரு தெருவில் இந்த வருடம் இரண்டு வீடு எழும்பினால் அடுத்த வருடம் ஐந்து எழும்பும். அந்த வீடுகளுக்கு வயர் இழுப்பது எங்கள் தொழில். எங்கள் என்றால் நானும் மச்சானும். மச்சான், என் மனைவியின் தம்பி. என்னைவிட நான்கு வயது சின்னவன், என்னை மாமா என்று கூப்பிடுவான். வீட்டுக்காரர்களிடம் பேசுவது அவன் பொறுப்பு. நான் பேசாமல் ஏணி ஏறிவிடுவேன். பேசாமல் வந்து பேசாமல் போகிறவன் என்பதாலேயே எனக்கு வேலை வந்தது. வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அந்தச் சத்தமே போடாத எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்று சொல்வார்களாம்.

இந்தக் கதையில் எர்த் என்ற சொல் அடிக்கடி வரும். மின்சாரம் வர ஒரு கம்பி, அது ஃபேஸ். திரும்பிப் போக ஒரு கம்பி, அது நியூட்ரல். மூன்றாவது கம்பிதான் எர்த். அது சாதாரண நாளில் சும்மா இருக்கும். கிரைண்டரிலோ ஹீட்டரிலோ உள்ளே பழுதாகி, வெளியே உள்ள இரும்பில் மின்சாரம் ஏறிவிட்டால், தொடுகிற ஆளின் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணுக்குள் இறங்க அது ஒரு வழி. வீட்டு வேலை முடியும்போது, "எர்த் எடுத்தாச்சா?" என்று ஒருவன் கேட்பான். "எடுத்தாச்சு" என்று மற்றவன் சொல்வான்.

நாங்கள் எர்த் எடுத்த விதம் இதுதான். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் போர் இருந்தது. தரையைத் துளைத்து முப்பது நாற்பது அடி இரும்புக் குழாய் இறக்கியிருப்பார்கள். அதிலிருந்து மோட்டார், தொட்டி, பாத்ரூம் குழாய் வரை எல்லாம் இரும்பு. அந்தக் குழாயில் ஓர் இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு, எர்த் கம்பியைச் சுற்றி, ஒரு கிளாம்ப் போட்டு முடுக்குவோம். அதற்குப் பெயர் பைப் எர்த். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். நாற்பது அடி இரும்பு மண்ணுக்குள் நிற்கும்போது அதைவிட நல்ல எர்த் எங்கே கிடைக்கும்? அந்தக் காலத்துக்கு அது அவ்வளவு தப்பான யோசனை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

தொண்ணூறுகள் தொடங்கியபோது எங்கள் வயர்மேன் சங்கத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. வயரிங் விதிகள் மாறியிருக்கின்றன, ஆறு ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பு, எல்லோரும் வர வேண்டும் என்று போட்டிருந்தது. வராதவர்களுக்கு லைசன்ஸ் புதுப்பிக்க முடியாது என்று டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. அது வெறும் புரளி. ஆனால் அந்தப் புரளி இல்லாவிட்டால் நாங்கள் பாதிப் பேர் போயிருக்கமாட்டோம்.

மச்சான் சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, இந்த வயசுல சிலேட்டு தூக்கினு போவணுமா?" என்றான். அப்போது எனக்கு நாற்பது. பிறகு அவனே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வந்தான். எனக்கும் சேர்த்து.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் மேஜையில் இடிக்கும். நாற்பது பேர் கக்கத்தில் நோட்டோடு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தோம். பாடம் நடத்த வந்தவர் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. அவர் எங்களை ஒவ்வொருவராக சார் என்று கூப்பிட்டார். எங்களை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. முதல் வாரம் பின் பெஞ்சில் ஒருத்தரை ஒருத்தர் சார், சார் என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிரிப்பு மூன்றாவது வாரம் நின்றது. அன்றைக்குப் பாடம் நியூட்ரல் கம்பியில் ஃப்யூஸ் போடக் கூடாது என்பது. நாங்கள் காலங்காலமாக இரண்டு கம்பியிலும் ஃப்யூஸ் போட்டுப் பழகியவர்கள். இரண்டு பூட்டு போட்டால் வீடு இன்னும் பத்திரம்தானே என்று ஒருவர் எழுந்து வாதாடினார். மேடம் மறுத்துப் பேசவில்லை. ஒரு பலகையில் ஒரு பல்பும் இரண்டு ஃப்யூஸ் கட்டையும் பொருத்திக் கொண்டுவந்திருந்தார். நியூட்ரல் கட்டையைப் பிடுங்கினார். பல்பு அணைந்தது.

"கரண்ட் இல்ல. சார், வந்து இந்த ஹோல்டர்ல கை வைங்க" என்றார்.

வாதாடியவர் எழுந்து போனார். அவர் கையை நீட்டும்போது மேடம் குறுக்கே டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது; பல்பு அணைந்தும் ஃபேஸ் வழியாக ஹோல்டர் வரை கரண்ட் வந்து நின்றிருந்தது. அவர் கையை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எனக்கு அன்றிலிருந்து மேடத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவர் எழுதுவதை எல்லாம் புரிந்தாலும் புரியாவிட்டாலும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் எர்த். மேடம் வந்ததும் கேட்டார், "நீங்கல்லாம் வீட்டுக்கு என்ன எர்த் சார் போடறீங்க?"

"பைப் எர்த், மேடம்." நாற்பது பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னோம்.

அவர் முகம் மலர்ந்தது. "பரவாயில்லையே. அப்ப இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான்" என்றார். பெயருக்குப் போர்டில் வேகமாக ஒரு படம் போட்டார். மின்கசிவு வந்தால் தானாக அணையும் புது டிரிப் ஸ்விட்சைப் பற்றித்தான் அன்று நிறையச் சொல்ல வேண்டும் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நான் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். தரைக்குள் ஒரு குழி. குழியில் நட்டு வைத்த மாதிரி ஒரு குழாய், உடம்பெல்லாம் ஓட்டை. சுற்றிலும் கரி, உப்பு, கரி, உப்பு என்று அடுக்கு. மேலே ஒரு புனல். முதலில் போர் போடும் படம் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அந்தக் குழாய் மோட்டாருக்குப் போகவில்லை. தொட்டிக்குப் போகவில்லை. எதற்கும் போகவில்லை. தனியாக நின்றது. புனல், தண்ணீர் வெளியே வருவதற்கு இல்லை, உள்ளே ஊற்றுவதற்கு.

அவருடைய பைப் வேறு, எங்களுடைய பைப் வேறு.

எழுந்து கேட்டிருக்கலாம். பக்கத்தில் மச்சானின் நோட்டைப் பார்த்தேன். அவன் படம் வரையவில்லை. 'பைப் எர்த், தெரியும்' என்று எழுதியிருந்தான். கேட்டால் நாற்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், எல்லோருக்கும் தெரிந்ததே தெரியாதவன் என்பார்கள் என்று பயந்தேன். வகுப்பு முடிந்து மேடம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சைக்கிளில் திரும்பும்போதுதான் ராஜகீழ்ப்பாக்கத்து டீச்சர் வீடு ஞாபகம் வந்தது.

அந்த வீட்டுக்கு வயரிங் செய்தது நான்தான். டீச்சரும் அவர் கணவரும், கல்யாணமாகிப் பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகளும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்குக் கேக் வரும். அவரை நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். முந்தின கோடையில் தண்ணீர் கீழே போய்விட்டதென்று அவர்கள் போரைப் புதிதாக இறக்கினார்கள். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்ததால் கழற்றிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் இறக்கினார்கள். மோட்டாருக்கு வயர் கொடுத்தது நான். அவிழ்ந்து கிடந்த எர்த் கம்பியை எடுத்து, மேலே மிச்சமிருந்த இரும்புக் குழாயில் பழையபடி கட்டி முடுக்கியதும் நான்தான். கை அந்த வேலையைத் தானாகவே செய்தது. மண்ணுக்குள் இருப்பது இப்போது பிளாஸ்டிக் என்று கண் பார்த்தது, மனதில் ஏறவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பத்து நாளுக்கு முன் மார்க்கெட்டில் பார்த்தபோது டீச்சர், பாத்ரூம் குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது என்றார். ஈரக் கை என்றால் அப்படித்தான் இருக்கும், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

நேராக அங்கே போனேன். மச்சானும் பின்னாலேயே வந்தான். ஞாயிறு மதியம், அவர்கள் கோயிலிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தார்கள். மோட்டாரைப் பார்க்க வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டு மெயின் போர்டைத் திறந்தேன். டெஸ்ட் லேம்ப் என்பது இரண்டு கம்பி கட்டிய ஒரு பல்பு. ஒரு கம்பியை ஃபேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தால், எர்த் நன்றாக இருக்கும் வீட்டில் பல்பு வெளிச்சமாக எரியும். இங்கே எரியவில்லை. மச்சான் பல்பைத் தட்டிப் பார்த்தான். நியூட்ரலில் வைத்துப் பார்த்தான், பளிச்சென்று எரிந்தது. மறுபடி எர்த்தில் வைத்தான். ஒன்றும் இல்லை.

ஹீட்டரில் கொஞ்சம் மின்கசிவு இருந்தது. போக வழியில்லாமல் அது வீட்டுக் குழாய் முழுவதும் ஏறி நின்றிருந்தது. சுர்ரென்றது அதுதான். கசிவு பெரிதாகிற நாளில், முதலில் குழாயைத் திறக்கிறவர் யாரோ அவர் வழியாக அது இறங்கியிருக்கும். அந்த வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வெந்நீரில் குளிக்கிறவள் நிறைமாத மகள்.

ஹீட்டர் வயரைக் கழற்றி எடுத்துவிட்டு வந்து டீச்சரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. மச்சானைப் பேசச் சொல்லாமல் நானே சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. போர் மாற்றியபோது நான் கவனித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றேன்.

அவர் எழுந்து போய்ப் பாத்ரூம் குழாயை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "செருப்பு போட்டுக்கச் சொன்னீங்களே, தம்பி" என்றார்.

அந்த வீட்டில் காபி குடிக்காமல் நான் வெளியே வந்ததில்லை. அன்று காபி வரவில்லை.

புதன்கிழமை குழி தோண்டினோம். என் நோட்டில் இருந்த படத்தைத் தவிர எங்களுக்கு வேறு வழிகாட்டி இல்லை. எட்டடிக்கு மேல் போக வேண்டியிருந்தது. மச்சான் தோண்ட நான் மண் இழுத்தேன், நான் தோண்ட அவன் இழுத்தான். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் இரண்டு மூட்டை கரி, மளிகைக் கடையில் ஒரு மூட்டை கல் உப்பு. கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டுவதை எதிர்வீட்டுக்காரர் மதில்மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா, ஊறுகா போடறீங்களா?"

"ஆமா சார்," என்றான் மச்சான் குழிக்குள்ளிருந்து. "கரண்ட் ஊறுகா. ஒரு வருசம் கெடாது."

நடுவில் குழாயை நிறுத்தி, புனலில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, கம்பியைக் கட்டி, டெஸ்ட் லேம்ப் வைத்தேன். பல்பு எரிந்தது. டீச்சர் வாசற்படியில் நின்று பார்த்தார். பல்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்து, "வேற எத்தனை வீட்ல இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. பரீட்சைத் தாளில் விட்டுப்போன ஒரு விடையைக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் இப்படி எர்த் கட்டியதே எத்தனையோ வீடு. அதில் எத்தனை வீட்டில் போர் மாற்றினார்களோ. வகுப்பில் எங்களோடு உட்கார்ந்த முப்பத்தெட்டு பேரும் அப்படியே கட்டிக்கொண்டிருந்தார்கள், நாளைக்கும் கட்டுவார்கள். 'பைப் எர்த், தெரியும்' என்று நோட்டில் எழுதிவிட்டு.

கடைசி வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு மேடம் வரமாட்டார். வாரம் முழுவதும் மச்சானிடம் நீ சொல்லிவிடு, நீ சொல்லிவிடு என்று கேட்டேன். எதற்கும் பேசுகிறவன் இதற்கு மட்டும் மறுத்தான்.

"நா சொல்ல மாட்டேன், மாமா. நீயும் சொல்லாத. வாயத் தொறந்தன்னா ஒவ்வொருத்தனும் வூடு வூடா போயி நா தப்பா பண்ணேன்னு சொல்லணும். சங்கத்துல ஒருத்தன் நம்மகூட டீ குடிக்க மாட்டான். பெரிய பேஜாரு."

அவன் சொன்னது தப்பில்லை. அதையேதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. இரும்புக் குழாய் பிளாஸ்டிக் ஆன கதையை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பிளம்பருக்கு எர்த் தெரியாது. எங்களுக்குக் குழாய் தெரியாது. மேடத்துக்கு நாங்கள் அந்தப் பெயரால் எதைச் சொல்கிறோம் என்பது தெரியாது. பெயர் ஒன்றாக இருந்ததால் எல்லோரும் தலையாட்டினோம். விதி மாறியதைச் சொல்ல வகுப்பு வைத்தார்கள். மண்ணுக்குள் மாறியதற்கு ஒரு வகுப்பும் இல்லை. இதெல்லாம் இப்போது எழுதும்போது கோர்வையாக வருகிறது. அன்று இதில் பாதிகூட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டியதை ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மேடம் எல்லாப் பாடத்தையும் ஒருமுறை திருப்பிச் சொன்னார். எர்த் வந்தபோது, "இது உங்களுக்குத் தெரியும்" என்று தாண்டினார். நான் எழுந்து நின்றேன். முழங்கால் மேஜையில் இடித்து, மேஜை சத்தம் போட்டது. எல்லோரும் திரும்பினார்கள். அட்டையில் எழுதியிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

"மேடம், நீங்க சொல்ற பைப்பு வேற. நாங்க கட்ற பைப்பு வேற."

அவருக்குப் புரியவில்லை. "எந்த பைப், சார்?"

"தண்ணி வர்ற பைப்பு."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். மேடம் மெதுவாகக் கேட்டார், தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுகிறவர்கள் யார் யார், கை தூக்குங்கள் என்று. ஒரு கையும் எழவில்லை. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ, இவருக்கு மட்டும் அந்தப் பழக்கம் போலிருக்கு என்று சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிடலாம் என்று மேஜையைப் பிடித்தேன்.

பக்கத்தில் மச்சான் கையைத் தூக்கினான்.

"நா கட்னது இங்கேர்ந்து அனகாபுத்தூர் வரைக்கும் கீது, மேடம்" என்றான். பிறகு சிரித்தவர்கள் பக்கம் திரும்பி, "இன்னா பாக்கற? உனக்கு யாரு கத்துக் குடுத்தா, எனக்குக் கத்துக் குடுத்தவருதானே? தூக்குடா கைய" என்றான்.

மூன்றாவது வாரம் வாதாடியவர் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். பிறகு பார்க்கும்போது எல்லாக் கையும் மேலே இருந்தது, நான் எண்ண வேண்டிய அவசியம் இல்லை.

"நான்தான் கேட்டிருக்கணும்," என்றார் மேடம். "நீங்க எல்லாரும் சேர்ந்து சொன்னதும் எனக்குச் சந்தோஷமாயிடுச்சு." பிறகு போர்டை முழுவதும் அழித்துவிட்டுப் படத்தை முதலிலிருந்து போட்டார். இந்த முறை குழி எவ்வளவு ஆழம், கரி எவ்வளவு, டெஸ்ட் லேம்ப் எங்கே வைப்பது என்று எல்லாம் கேட்டார்கள். இரும்புப் போர் இருக்கும் வீட்டில் பழைய எர்த்தை விட்டுவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நாளைக்கு வீட்டுக்காரர் பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றும்போது உங்களைக் கூப்பிட்டுச் சொல்வாரா என்று மேடம் திருப்பிக் கேட்டார். வகுப்பு ஒரு மணிநேரம் கூடுதலாக ஓடியது.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது எங்கள் வயதுக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லா மண்ணள்ளிப் போட்ட" என்றார். "இனிமே எந்த மூஞ்ச வச்சிகினு அந்த வூட்டுக்கெல்லாம் போறது?" எனக்கும் அதே கேள்வி இருந்தது. அவர் அதன் பிறகு பல வருடம் என்னோடு பேசவில்லை. பேசாததால் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் வழியில் பார்த்தால் சங்கடமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து, நாங்கள் வேலை செய்த தெருக்களை நானும் மச்சானும் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுதினோம். எனக்கு ஞாபகமில்லாத வீடுகள் அவனுக்கு ஞாபகம் இருந்தன. யார் எந்த வருடம் போர் மாற்றினார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் வாசலில் நின்று பேசிய பேச்சு.

மறுநாள் திங்கட்கிழமை. மாடம்பாக்கத்தில் மூன்று வீட்டுக்குப் போனோம். முதல் வீட்டில் பல்பு எரிந்தது, போர் பழைய இரும்புதான். இரண்டாவது வீட்டில் எரியவில்லை. தப்பு எங்களுடையது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் குழிக்கு இடம் குறித்தோம். மூன்றாவது வீட்டில் ஆள் இல்லை; மறுபடி வர வேண்டும் என்று நோட்டில் அந்த வீட்டை அடிக்காமல் விட்டோம்.